வாசலில் நின்ற பரிசப் பசு

"கயித்த விடுங்க சம்பந்தியம்மா. இது எங்க வீட்டு மாடு."

"பரிசமா குடுத்தத திருப்பிக் கேக்குறீங்களே, நாக்கு கூசல?"

நாலு குடிசை தாண்டிக் கேட்டது. பீரங்கி ஓய்ந்திருந்தால் மாஃபெகிங்கில் எங்களுக்கு இதுதான் பொழுதுபோக்கு. போயர் படை ஊரை வளைத்து மாதக்கணக்காகிவிட்டது. குதிரைக் கறி போட்ட கஞ்சிக்கு வரிசையில் நிற்கிற ஊரில் ஒரு பசு உயிரோடு இருந்தால் பேச்சு வராமல் இருக்குமா?

மோசிடியின் தாய்வீட்டு வாசலில் அவள் மாமியார் கயிற்றை இழுக்க, மோசிடியின் அம்மா அதே கயிற்றின் மறுபாதியில் தொங்கினாள். மோசிடியின் கணவன் மொதிபி, எதிரியின் காவலைத் தாண்டி மாடு ஓட்டிவரப் போனவன். ஒரு தகவலும் இல்லை.

"போனவன் வரப்போறதில்ல," என்றாள் மாமியார். "இருக்குற புள்ளைங்களுக்காவது கறி ஆக்கிப் போடணும்."

முதுகில் கட்டிய குழந்தையோடு மோசிடி ஓரமாக நின்றாள். மாட்டு விவகாரத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் பேசலாம், பெண் பேசக்கூடாது. ஆனால் பரிசப் பசு வாசல் தாண்டித் திரும்பிப் போனால் கல்யாணமே இல்லை என்றாகிவிடும். மொதிபி வந்தாலும் அவளுக்குப் புருஷனில்லை. குழந்தையும் அவன் குலத்தில் சேராது. பசுவின் முன்னங்கால்கள் அதற்குள் வாசலுக்கு வெளியே போய்விட்டன.

அப்போது காவல் மணி அடித்தது. பெரிய பீரங்கி எங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

சம்பந்திகள் இருவரும் கயிற்றைப் போட்டுவிட்டு ஒரே பதுங்குகுழிக்குள் இடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மோசிடி இறங்கவில்லை. பசுவின் கொம்பைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். அது அசையவில்லை. அம்மா குழிக்குள்ளிருந்து, "விடுடி, முதுகுல புள்ளடி," என்று கதறுவது கேட்டது. மோசிடி பசுவின் மூக்கில் அறைந்தாள், தோளைக் கொடுத்து முட்டினாள். பசு மிரண்டு முற்றத்துக்குள் பின்வாங்கியது. மணி நின்றது. மோசிடி மண்சுவர் மறைவில் குப்புற விழுந்தாள். குண்டு முற்றத்தில் வெடித்துப் பசு சரிந்தது.

புழுதி அடங்குமுன் தன் முதுகில் அழுகுரல் வருகிறதா என்றுதான் காத்திருந்தாள். கொஞ்சம் தாமதித்து வந்தது.

மாமியார் தட்டுத்தடுமாறி வந்து, "மாடு எங்க விழுந்து கெடக்கு?" என்றாள்.

"எங்க முத்தத்துல, அத்த. செத்தது எங்க மாடு."

மாமியார் வாசலைப் பார்த்தாள், பசுவைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "அப்ப மொறைப்படி தொடைக்கறி சம்பந்தி வீட்டுக்கு வரணுமே," என்றாள்.

கறி போனது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே அறுத்துக் கொடுத்தாள்.

மொதிபி மாடில்லாமல், ஒரு கால் விந்தி, திரும்பி வந்தான். முற்றுகை விலகியதும் பெண்டாட்டி பிள்ளையோடு வடக்கே லொபாட்சி ஊருக்குக் குடிபோனான். மாமியாரும் கூடவே போனாள். மருமகளை விட்டு இருக்க முடியாதாம்.