இலட்சுமிப்பிள்ளை வீட்டுச் சீஸ் கேக்

"ஆரைக் கேட்டு ஊருக்குப் பங்கிட்டீங்க? மூணு நாள் தவணை கேட்டிருக்கன் எண்டு தெரியுந்தானே?"

"கரைஞ்சு ஓடுது புள்ள. எறும்பு வேற. நான் என்ன செய்யிற?"

"நாய்க்குப் போட்டிருக்கலாம்."

"போட்டுப் பார்த்தன். நாய் தின்னல்ல."

பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளையக்காவும் புருஷன் வல்லிபுரமும்தான். நான் வேலியோரம் கீரை பிடுங்கிக்கொண்டிருந்தேன். கீரை முடிந்தபிறகும் நின்றேன் என்பதும் உண்மை.

எங்கள் தெருவில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். அவர்கள் கொண்டுவரும் பலகாரப் பெட்டி, மாப்பிள்ளை வீட்டார் முடிவு சொல்லும்வரை கட்டவிழ்க்காமல் இருக்கும். விருப்பமில்லாவிட்டால் அப்படியே திரும்பிப் போகும். பிரித்து அயலுக்குக் கொடுத்தால் சம்மதம். அரியதரமும் முறுக்கும் ஒரு கிழமை கெடாது, ஆறுதலாக யோசிக்கலாம்.

அன்று காலை கேதீஸ்வரி கொண்டுவந்ததோ மீன்காரர் வைத்திருப்பது போன்ற, குளிர் தாங்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி. உள்ளே ஐஸ்கட்டி, ஒரு சீஸ் கேக், மூன்று ட்ராகன் பழம். யுத்தம் முடிந்து பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பியதிலிருந்து அவளுக்கு அங்கே கோப்பை கழுவும் வேலை. இரவு முழுக்கக் கழுவிவிட்டு, இரண்டு பஸ் மாறி, அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் செட்டிபாளையத்துக்கு வந்திருக்கிறாள். மகள் ஆர்த்திகாவுக்கு அக்காவின் மகன் நிதுர்ஷனைக் கேட்க.

"பலகாரம் சுடல்லையா?" என்று அக்கா கேட்டார்.

"அரியதரம் சுட நாலு பொம்புள வேணும் அக்கா. எனக்கு இருந்த மூணு பேரும் சுனாமியோட போயிற்றாங்க. தனிய மாவிடிக்க எனக்கு ஏலாது."

அக்கா மூன்று நாள் தவணை மட்டும் கேட்டார். கேதீஸ்வரி மகளுக்குக் கொடுக்கக்கூடியது சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த இரண்டு அறை வீடு. சுவரில் கை நுழையும் வெடிப்பு. அக்காவுக்குத் தன்னாமுனையில் மாடி வீட்டோடு ஒரு பெண் தகைந்து வருவதுபோல இருந்தது. கேதீஸ்வரிக்கோ இது மூன்றாவது வாசல். முந்திய இரண்டு வாசலிலிருந்தும் பெட்டி திரும்பி வந்துவிட்டது.

மத்தியானம் கரண்ட் இல்லை. வயல் வட்டையிலிருந்து களைத்து வந்த வல்லிபுரம் ஒழுகிய பெட்டியைத் திறந்தார், வெட்டினார், ஏழு வீட்டுக்குக் கொடுத்தார். முதல் வீடு என்னுடையது. கேக், தயிருக்குச் சீனி போட்டு மறந்துபோய் உப்பும் போட்டதுபோல இருந்தது. பழம் வெளியே திருவிழாச் சோடனை, உள்ளே எள்ளுத் தூவிய வெள்ளை. ருசி என்று ஒன்றுமில்லை. மூன்று துண்டு தின்ற பிறகுதான் அது நிச்சயமானது. கையைக் கழுவிவிட்டு, மறுகா கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனேன். பங்கு வந்த கதையை அங்கே மட்டும்தான் சொன்னேன்.

அங்கிருந்து பஸ் தரிப்பிடம் பத்து அடி. திரும்ப வேலைக்குப் போக நின்ற கேதீஸ்வரிக்கு எப்படித் தெரியாமல் போகும்? சண்டை நடக்கும்போதே படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"பங்கிட்டீங்களாமே. இனி அக்கா இல்ல, மச்சாள் எண்டு கூப்பிடலாமா?"

அக்கா வாயைத் திறந்தார். அவளுடைய கையைப் பார்த்தார். சவர்க்காரத்தில் ஊறி வெளிறிய விரல்கள். இல்லையென்று சொல்வதானால் ஏழு வீட்டுக்கும் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கும் தெம்பு வேண்டுமே.

"இரு, தேத்தண்ணி குடி," என்றார். பிறகு, "அந்தச் செவர மட்டும் பூசித் தா."

"பூசுறன் மச்சாள்."

"கல்யாணத்துக்கு நாங்க வந்து பலகாரம் சுடுறம். அந்தப் பழத்த இந்தப் பக்கம் கொண்டு வராத."

வல்லிபுரம் இருந்த வாங்குப் பலகையிலேயே நித்திரையாகிவிட்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. வீட்டை மகளுக்கு விட்டுவிட்டுக் கேதீஸ்வரி ஹோட்டல்காரர் கொடுத்த அறைக்குப் போய்விட்டாள். தன்னாமுனைப் பெண்ணை ஒரு வாத்தியார் கட்டினார், இப்போது கனடாவாம். பூசிய சுவருக்குள் நிதுர்ஷன் எட்டு மாதம் இருந்துவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போனான். ஆர்த்திகா பிள்ளையோடு அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அக்கா கிழமைக்கு இரண்டு தரம் துணைக்குப் போய்ப் படுத்துவிட்டு வருகிறார்.