இரும்புக்கு ஒரு சத்தம்

"இரும்புன்னா உறுமும்மா. வெள்ளி, செம்பு, பித்தளைன்னா மணி அடிக்கிற மாதிரி கேக்கும். உறுமுற எடத்துல நான் தோண்டவே மாட்டேன். தோண்டினா நாள் பூரா ஆணிதான் பொறுக்கிகினு இருக்கணும்."

மெட்டல் டிடெக்டரின் கைப்பிடியை முழங்கையில் மாட்டிக்கொண்டே பிரவின்குமார் சொன்னான். ஷாஜாதியின் மகன் தௌசிஃபோடு சிறுசேரியில் ஒரே ஆபீசில் வேலை பார்ப்பவன். சனி, ஞாயிறு வந்தால் செய்யூர்ப் பக்கம் ஆள் இல்லாத பழைய வீட்டு மனைகளைத் தேடிப் போய், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பழங்காசு எடுப்பது அவனுக்குப் பிடித்த பைத்தியம். "எங்கம்மாவுக்கு ஒரு டப்பா எடுத்துக் குடுடா" என்று தௌசிஃப்தான் அவனை அனுப்பி வைத்திருந்தான்.

புதுப்பட்டினத்துக்குக் கிழக்கே, கடலை ஒட்டி ஒரு காலத்தில் பதினெட்டு வீடுகள் இருந்த தெரு அது. சுனாமிக்குப் பிறகு அங்கே யாரும் குடியிருக்கவில்லை. எல்லாரும் உள்ளே தள்ளிக் கட்டிய குடியிருப்புக்குப் போனார்கள். ஷாஜாதியின் குடும்பம் செங்கல்பட்டுக்கே போய்விட்டது. இருபது வருஷம் கழித்து இன்றுதான் அவள் திரும்பி வருகிறாள். வீடு இல்லை. கிணற்று உறை மட்டும் மண்ணுக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து எட்டு எட்டு வைத்தால் அடுப்பங்கரை. கால் கணக்கு மறக்கவில்லை.

பக்கத்தில் பூவரச நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் குரல் கொடுத்தார்.

"இன்னா தம்பி, தரைக்கு ஸ்கேன் எடுக்கிறியா? எத்தினி மாசம்?"

பிரவின்குமார் சிரித்தான். "இருவது வருசம்ணா."

"அப்ப சிசேரியன்தான்" என்று எழுந்து வந்தவர், முக்காட்டுக்குள் இருந்த முகத்தைப் பார்த்ததும் சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டார். "பாயம்மா! நீங்களா?"

கேசவன். மூன்று வீடு தள்ளி இருந்தவர். சுனாமி அன்றைக்கு அவளை இடிபாட்டிலிருந்து இழுத்துப் போட்டவரும் அவர்தான்.

"பாய் தவறிட்டார்னு கேள்விப்பட்டேன். மனசே ஆறல."

"நாளைக்கு வருஷ ஃபாத்திஹா, அண்ணே."

"அவரு இங்க ரெண்டு மூணு வாட்டி வந்தாரு, தெரியுமா? இதோ, இதே எடத்துல நின்னுகினு இருப்பாரு. தோண்டித் தரட்டுமா பாய், எதுனா கீதான்னு கேட்டேன். ஒண்ணும் இல்ல கேசவா, வுடுன்னுட்டு பூட்டாரு."

ஷாஜாதிக்கு அது புதிது. 'நீ அங்க போவாத. தாங்க மாட்டே' என்று இருபது வருஷமும் அவளைத் தடுத்தவர் அவள் புருஷன் ஜெயினுலாபுதீன். அவளை மட்டும் தடுத்துவிட்டு, தனியாக வந்து, அலையில் போன மகளுக்காக அழுதுவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. பாவம் மனுஷன், என்னிடம் சொல்லக்கூட இல்லையே.

அந்த டப்பாவில் இருந்தது அவள் அம்மா நிக்காஹ்வுக்குக் கொடுத்த முப்பத்திரண்டு வெள்ளிக் காசு. ராணி தலை போட்ட பழைய காசு. திருட்டுப் பயம் என்று சொல்லி, பித்தளைத் திருகு டப்பாவில் போட்டு, அம்மிக்கு அடியில் குழி வெட்டிப் புதைத்து, மேலே சிமெண்ட் பூசியவர் அவர்தான். படகு எஞ்சின் மெக்கானிக். எதையும் கச்சிதமாகச் செய்வார். பூசும் முன்பு, கரண்டியும் கையுமாக, "தூக்கிப் பாத்துக்கோ" என்றார். தூக்கிப் பார்த்தாள். கனமாக இருந்தது. குலுக்கினாள், சலசலத்தது. "ம், சரி" என்று கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு மழை என்றாலும் புயல் என்றாலும் அவர் ஒன்றையே சொல்வார்: "எது போனாலும் போவட்டும் ஷாஜாதி, டப்பா போவக் கூடாது."

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தௌசிஃபைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். தண்ணீர் முதலில் முழங்கால் அளவுதான் வந்தது. வந்து வடிந்தது. ஓடுங்க, ஓடுங்க என்று தெருவே கத்தியது. அஞ்சு வயசு ஜன்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை ஓடியவளுக்கு, டப்பா போவக் கூடாது என்ற அவர் பேச்சு ஞாபகம் வந்தது. பிள்ளையை ஒரு மதில்மேல் ஏற்றி உட்கார வைத்தாள். "எறங்காத. அம்மா ரெண்டு நிமிஷத்துல வந்துடுறேன்." ஜன்னா விரலை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டுத்தான் ஓடினாள். அம்மிக் குழவியால் சிமெண்ட்டை இடித்துக்கொண்டிருந்தபோது இரண்டாவது அலை வந்தது.

மூன்றாம் நாள் சவுக்குத் தோப்பில் ஜன்னா கிடைத்தாள். டப்பா கிடைக்கவில்லை. யாரும் தேடவும் இல்லை.

அந்தக் காசைத் தொட்டு, ஜன்னா பேரில் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். எதற்காகப் பிள்ளையின் கையை விட்டாளோ அது தன் கையைவிட்டுப் போக வேண்டும். அவள் வந்தது அதற்குத்தான்.

பிரவின்குமார் மிஷினைத் தரையோடு தரையாக வீசிக்கொண்டே நடந்தான். உறுமல், உறுமல், ஒரு ஐம்பது பைசா, மறுபடி உறுமல். "உப்பு மண்ணும்மா, மிஷினையே கொழப்புது" என்றான். பாதி புதைந்திருந்த அம்மியைக் கேசவன் கடப்பாரையால் நெம்பிப் புரட்டினார். அதன் அடியில், உடைந்த சிமெண்ட் பாளத்துக்கு மேலே மிஷினின் வட்டத் தட்டு நகர்ந்ததும் அது கணீரென்று கூவியது.

"அம்மா! இது இரும்பு இல்ல!"

ஷாஜாதி மண்டியிட்டு உட்கார்ந்து கையாலேயே மண்ணைத் தள்ளினாள். பச்சை படிந்த பித்தளை டப்பா. உடையவில்லை, நசுங்கவில்லை. திருகு மூடி இறுகிப் போயிருந்தது. கேசவன் கல்லால் சுற்றிலும் தட்டித் தட்டித் திருகிக் கொடுத்தார்.

உள்ளே காசு இல்லை. துருப்பிடித்து ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போன வாஷர்கள். எல்லாவற்றையும் ஒரு பித்தளைக் கம்பியில் கோத்து, முனைகளை எட்டு மாதிரி முறுக்கியிருந்தது. ஜெயினுலாபுதீனின் பட்டறைச் சுவரில், ஆணிக்கு ஒன்றாக இப்படித்தான் வரிசையாகத் தொங்கும். சின்ன சைஸ், நடு சைஸ், பெரிய சைஸ். இது நடு சைஸ். ராணிக் காசின் அகலம்.

பிரவின்குமார் மிஷினை அந்த வளையத்தின்மேல் காட்டினான். உறுமியது. அணைத்துவிட்டான்.

"யாராச்சும் எடுத்துட்டு மாத்தி வெச்சிருப்பாங்கம்மா."

"சிமெண்ட் பூசினது அவருதாம்ப்பா" என்றாள் ஷாஜாதி.

கேசவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒண்ணும் இல்ல கேசவா, வுடு. பாய் அன்றைக்குச் சொன்னது உண்மைதான்.

காசு எங்கே போயிற்று என்று அவளுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அவளே கொடுத்திருப்பாள், கழுத்தில் கிடந்ததையும் சேர்த்துக் கழற்றி. அது அல்ல. வருஷா வருஷம் அந்தத் தேதியில், "கேவலம் முப்பத்திரண்டு காசுக்காவ எம்புள்ளைய வுட்டேனே" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அவர் கையைப் பிடித்துத் தடுப்பார். "அல்லா எழுதினது. உம்மேல தப்பு இல்ல. நான் உன்னைய எதுவும் சொல்ல மாட்டேன்." சொன்னதும் இல்லை. இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும் என்று அவள் நெகிழ்ந்து போவாள். அந்த மன்னிப்புக்குக் கடமைப்பட்டவளாக, இருபது வருஷம் அவருக்கு எதிராக ஒரு வார்த்தை உயர்த்திப் பேசியதில்லை.

மன்னித்தாராம். வாஷரைக் கோத்துப் புதைத்த கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னித்தாராம். 'அதுல காசு இல்ல ஷாஜாதி, என் பொய்க்குத்தான் நீ ஓடினே' என்று ஒருநாள் சொல்லியிருந்தால், அந்தப் பாரத்தில் பாதியையாவது இறக்கி வைத்திருப்பாள். மௌத்தாகும் நாள்வரை அவருக்கு வாய் வரவில்லை. எதிரே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டே அவள் சுமப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வளையத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டாள். "தௌசிஃபுக்கு நீ போன் பண்ணாத தம்பி. நான் சொல்லிக்கிறேன்" என்றாள். பஸ்ஸில் மடிமேல் பை கனத்தது. அன்றைக்குத் தூக்கிப் பார்த்த அதே கனம்.

வீட்டில் நாளைய பிரியாணிக்கு அரிசி மூட்டை வந்து இறங்கியிருந்தது. தௌசிஃப் ஆர்வமாக ஓடி வந்தான்.

"இன்னாம்மா, கெடச்சுதா? அவன் போனே எடுக்கல."

"கெடச்சுது."

"எங்க, காட்டு."

வளையத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முறுக்கிய முனையைப் பெருவிரலால் தடவினான்.

"வாஷர்மா இது. அத்தா கோத்த மாதிரியே கீது."

"அத்தா கோத்ததுதான். டப்பாவுல இதான் இருந்துது. இதுக்காவத்தான் நான் ஜன்னா கைய வுட்டேன்."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் வளையத்தை அரிசி மூட்டைமேல் வைத்தான். கையெல்லாம் துரு.

"பள்ளிவாசல் அஜரத்து கேட்டாரும்மா" என்றான் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு. "நாளைக்கு ரெண்டு பேர் பேரையும் சொல்லி ஓதட்டுமான்னு."

"எம்பொண்ணு பேருக்கு ஓதச் சொல்லு."

"அத்தாவுக்கு?"

ஷாஜாதி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அரிசி அளக்கும் படியைக் கையில் எடுத்தாள்.

"அவருக்கு நீ ஓது."