ஊசிக்கு அழாதவள்

ஏன் அழவில்லை? ஊசி என்றால் ஊரைக் கூட்டுகிறவள், இன்று ஏன் பேசாமல் கையை நீட்டினாள்?

அவசரப் பிரிவுக் கட்டிலில் சுருண்டு கிடந்த ஆறு வயது மகளைப் பார்க்கப் பார்க்க அம்மாவுக்கு அதே கேள்விதான். கைக்குழந்தையாக இருந்தபோது மூளையில் நீர் கோத்ததால், அதை வயிற்றுக்கு வடிக்க ஒரு மெல்லிய குழாயைத் தலைக்குள் வைத்திருந்தார்கள். நேற்றிலிருந்து வாந்தி.

"குழாய் அடைக்கலைம்மா. ஸ்கேன் பழசு மாதிரியேதான் இருக்கு. வயித்துக் கோளாறுதான். கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்புங்க" என்றார் இளம் டாக்டர்.

கணவர் அதற்குள் மகளுக்குச் செருப்பை மாட்டிவிட்டார். "நான் அப்பவே சொன்னேன்ல? நீதான் எப்பப் பாரு பூதக்கண்ணாடியோட அலையற. நம்ம வாயாடி எவ்வளவு சமர்த்தாயிட்டா, பாரு! நர்ஸே மெச்சிக்கிட்டாங்க."

அம்மா உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். நான்தான் பயந்து சாகிறேனா? போன வருடம் குழாய் அடைத்த அன்றும் மகள் இப்படித்தான் சமர்த்தாக இருந்தாள். அன்று முதலில் மெச்சியது அம்மாதான். மாலையில் குழந்தை கண்ணே திறக்கவில்லை. அறுவை சிகிச்சை அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடி, தாளின்மேல் வைத்தாள்.

"ஆபரேஷன் பண்ணின டாக்டர் வந்து பார்க்கட்டும் சார். அதுவரைக்கும் இங்கேயே இருக்கோம்."

மகளின் செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.