லீவு லெட்டரில் ஒரு தேதி

கோவில்பட்டியில் யார் மேடை போட்டாலும் பேராசிரியர் பூவனநாதன் பேசுவார். கல்லூரியில் அவர் பொறுப்பில் விட்ட இருபது மாணவர்களை "எம் பிள்ளைக" என்பார். பேர்தான் ஒன்றும் தெரியாது.

அதில் ஒருவன், கழுகுமலை பஸ்ஸில் வரும் சங்கரபாண்டி, அன்று அவர் மேசை முன் நின்றான்.

"ஒரு மாசமா உறக்கமில்ல சார். உசுரோட இருக்கவே புடிக்கல."

பூவனநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு மனத்திடம் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். பேச்சு தீர்ந்ததும் வெள்ளைத்தாளை நீட்டினார்.

"லீவு லெட்டர் எழுதுலே. காய்ச்சல்னு போடு. மத்த காரணமெல்லாம் பிரின்சிபால் ஒத்துக்கிட மாட்டாரு."

எழுதியவன் பாதியில் நிமிர்ந்தான்.

"எந்தத் தேதி வரைக்கும்னு போட சார்?"

"திரும்பி எப்ப வாரியோ, அதுவரைக்கும்."

"வருவனான்னு தெரியலியே சார்."

சாதாரணமாகத்தான் சொன்னான். பூவனநாதன் அவன் எழுதிய தாளைக் கையில் வாங்கினார். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. அவர் போகவில்லை, தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எங்கூட வா. பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுவம். டாக்டர்ட்ட நீயே சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன், பேச மாட்டேன்."