வடிகால் வழியே வந்த காற்று

சுவருக்கு அப்பால் ஏதோ வெடித்தது. இயந்திர அறைக்காரர் பக்கத்துக் கதவு வழியாக எங்கள் கூடத்துக்குள் பாய்ந்து வந்து, கதவை அறைந்து சாத்தினார். கண்களைத் திறக்க முடியாமல் தள்ளாடினார்.

“அமோனியா குழாய் போச்சுக்கா! வெளிய ஒரே புகை!”

“எந்தப் பக்கம் போகுது?”

“கண்ணே தெரியலைக்கா!”

இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் அலறினார்கள். நான் அவர்களுடைய மேற்பார்வையாளர். குளிர் வெளியேறக் கூடாதென்று ஜன்னலே இல்லாமல் கட்டிய கூடம். வெளியே போக முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. ஆபத்து என்றால் முன்கதவு என்று மாதாமாதம் ஓடவிட்டுப் பழக்கியவளும் நானே. எல்லோர் கால்களும் தாமாகவே அங்கே ஓடின. என் நாத்தனார் தாழ்ப்பாளில் கையே வைத்துவிட்டாள்.

“தொறக்காத! புகை அந்தப் பக்கம் இருந்தா?”

“அப்ப என்ன பண்றது அண்ணி? ஒக்காந்து மிச்ச இறாலை உரிப்போமா?”

தவறான கதவைத் திறந்தால் அந்த விஷப்புகையில் ஒருத்தியும் மிஞ்சமாட்டாள். எல்லோரையும் துணியை நனைத்து மூக்கில் கட்டச் சொன்னேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை. நின்ற இடத்திலேயே முழங்காலிட்டேன்.

“நல்லா நேரம் பாத்தாங்க சாமி கும்பிட!” என்று யாரோ அழுதுகொண்டே கத்தினாள்.

முகத்துணியை இறக்கினேன். “ஆண்டவனே, இவங்க என்னை நம்பி நிக்கிறாங்க. எந்தக் கதவு? அத மட்டும் சொல்லு.”

பதில் இல்லை. அந்த மௌனம் எனக்குப் பழக்கம். வீட்டில் நான் சாமியிடம் கேட்கும்போதெல்லாம் அதுதான் வரும். பயந்துபோய்ப் பேசிப் பேசியே அதை நிரப்பிவிடுவேன். இன்று வாயை மூடினேன். என்னைப் பார்த்துக் கூடமும் அடங்கியது.

அப்போது முகத்தில் அறைந்தது, அழுகிய இறால் ஓட்டின் நாற்றம்.

நான் முழங்காலிட்டிருந்தது வடிகாலின் மேல். அது பின்கட்டுக் கழிவு மேட்டின் பக்கம் போகிறது. அங்கிருந்து காற்று குபுகுபுவென்று உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. நாற்றம்தான். ஆனால் துளி எரிச்சல் இல்லை. காற்று பின்னாலிருந்து வீசுகிறது என்றால் புகை முன்னால்தான் போகிறது!

“பின்கதவு! எல்லாரும் பின்கதவு!”

“அங்க மதில் இருக்கே அண்ணி?”

“பெட்டியைத் தூக்குங்கடி! அடுக்கி ஏறிக்கலாம்!”

துருப்பிடித்த தாழ்ப்பாளை மூன்று பேர் சேர்ந்து இழுத்தோம். இறால் ஓட்டு மேட்டில் முழங்கால் புதைய ஓடினோம். மீன் பெட்டிகள் கைமாறின, படியாகின. டீ கொடுக்க வந்து மாட்டிக்கொண்ட பருமனான சமையல்காரம்மாவைக் கீழேயிருந்து நான்கு பேர் தள்ள, “மெதுவாடி, நான் என்ன மூட்டையா!” என்று அவர் திட்டிக்கொண்டே மதிலைத் தாண்டினார். இயந்திர அறைக்காரரைக் கைபிடித்து ஏற்றினோம். கடைசியாக நான்.

மேலிருந்து திரும்பிப் பார்த்தேன். கூடத்தைத் தாண்டித் தெரிந்த முன்முற்றத்தில், நாங்கள் மாதாமாதம் வரிசையாக நிற்கும் இடம் முழுவதும் வெள்ளையாக மூடிக் கிடந்தது.

இறங்கியதும் நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டாள். தலைமுடியெல்லாம் இறால் ஓடு.

“சாமி பூ வாசனையோட வருவாருன்னுதான் அண்ணி நான் கேள்விப்பட்டிருக்கேன்.”

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு, அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்தேன்.