இரண்டாயிரத்தைவிடப் பெரிய ஒன்று

“ஏண்டி, ஆளே வராத கடைக்கு எதுக்கு நாள் முழுக்கக் காவல் உக்காந்திருக்கே?” என்று அத்தை ஒருமுறை கேட்டாள். அவள் சிரித்து மழுப்பிவிட்டாள். பேசுவதென்றாலே அவளுக்கு உடம்பு கூசும். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டு வந்தவளுக்குச் சித்தப்பாவின் அலுவலகத்தில் ஊமைக்கோட்டான் என்று பெயர்.

ஆள் வராமல் இல்லை. பல் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்வது சித்தப்பாவின் தொழில். புது வெர்ஷன் தயாரானதும் அதைப் பொட்டலம் கட்டி, எண் போட்டு, முத்திரை வைத்து, ஜன்னலோரத்து சர்வரில் அவள் வைப்பாள். அந்தக் கிடங்கை ரெப்போ என்பார்கள். நாற்பத்து மூன்று மருத்துவமனைகளின் கணினிகளும் கால் மணிக்கொரு தரம் அங்கே எட்டிப் பார்க்கும். தன்னிடம் இருப்பதைவிடப் பெரிய எண் இருந்தால் தானாகவே எடுத்துப் போட்டுக்கொள்ளும். நாலு வருஷமாக அவள் தனியாளாகக் கட்டிக் காக்கும் கிடங்கு.

புதிதாக வந்த இன்ஜினியருக்கு அது பிடிக்கவில்லை. “வெளியில வாடகைக்கு எடுத்துடலாம் சார். ஒரு ஆள் மிச்சம்” என்றார். அந்த ஒரு ஆள் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

“வெள்ளிக்கிழமை சொல்றேன்” என்றார் சித்தப்பா.

வெள்ளிக்கிழமை காலையில் இன்ஜினியர் தன் முதல் வெர்ஷனைக் கொண்டுவந்தார். போன தடவை 3.7.

“அடுத்தது 3.8-ஆ? கேக்கவே சப்புன்னு இருக்கு. வருஷத்தையே போடும்மா, 2025.”

ஏற்றிய எண்ணை இறக்க முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு அவர் சொன்னபடி போட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பல் டாக்டர் போன் செய்தார். “நாளைக்கு முப்பது பேருக்கும் காலைல ஒன்பது மணின்னே காட்டுது! எங்கிட்ட இருக்கிறது ஒரு நாற்காலி, ரெண்டு கை சார்!”

அடுத்தடுத்து எல்லா இடத்திலிருந்தும் அதே பாட்டு. ஐந்து மணி அடித்தால் மென்பொருளே நோயாளிகளுக்கெல்லாம் மறுநாள் வர வேண்டிய நேரத்தைச் செய்தியாக அனுப்பிவிடும். அப்போது மூன்றே முக்கால்.

இன்ஜினியர் அவசரமாகத் தன் பொட்டலத்தை எடுத்துவிட்டுப் பழைய 3.7-ஐ வைக்கச் சொன்னார். கணினிகள் வந்தன, பார்த்தன, சீந்தாமல் போயின. இரண்டாயிரத்தைக் கண்ட கண்ணுக்கு மூன்று ஒரு பொருட்டா?

“குட்டிக்கரணம் போட்டாலும் எடுக்காதா?” சித்தப்பா தலையில் கைவைத்தார்.

“பென் டிரைவைத் தூக்கிட்டு ஒவ்வொரு இடமாப் போக வேண்டியதுதான் சார்.”

“நாப்பத்து மூணு இடத்துக்கா? ஒரு மணி நேரத்துலயா? பறந்தா போவீங்க?”

“சித்தப்பா” என்றது ஒரு மெல்லிய குரல். இருவரும் திரும்பினார்கள். “3.7-க்கு முன்னால ஒரு ஒன்னும் ரெட்டைப் புள்ளியும் போட்டா, அதுதான் எல்லாத்தையும்விடப் பெருசுன்னு எடுத்துக்கும். புள்ளிக்கு முன்னால இருக்கிறதைத்தான் முதல்ல பாக்கும், மத்ததுக்கெல்லாம் அங்க சைபர்னு கணக்கு. அப்புறம் நம்ம வரிசைப்படி 3.8-க்கும் போகலாம். ஆனா, அந்த ஒன்னை இனிமே எப்பவும் எடுக்கக் கூடாது.”

இன்ஜினியர் சிரித்தார். “ரெண்டாயிரத்தைவிட ஒன்னு பெருசா? பத்தாவதுல இந்தக் கணக்குத்தான் சொல்லித் தந்தாங்களா?”

“நீங்க சும்மா இருங்க சார்” என்றார் சித்தப்பா. “நீ போடும்மா.”

எண் போட்டு, முத்திரை வைத்தாள். திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. ஒன்று எடுத்தது. பிறகு ஏழு. நாலரை அடிப்பதற்குள் நாற்பத்து மூன்றும் எடுத்தாகிவிட்டது. மதியம் கத்திய டாக்டரே கூப்பிட்டு, “இப்ப நேரமெல்லாம் ஒழுங்கா இருக்கு” என்றார்.

சித்தப்பா மூச்சு விட்டார். “கிடங்கு எங்கயும் போகாது. இனிமே எந்த நம்பரா இருந்தாலும் இவகிட்ட கேட்டுட்டுத்தான் உள்ள போகணும்.”

அவளுக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. ஆனாலும் விடவில்லை. “சார், அந்த ஒன்பது மணியைச் சரி பண்ணிட்டா திங்கக்கிழமை அந்த ஒன்னோட சேத்து 3.8-னு வச்சிடலாமா?”

இன்ஜினியர் திரையை ஒரு பார்வை பார்த்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் படியிறங்கிப் போனார்.