செவ்வாய்க்கிழமை சொன்னது

பெரியவர் இறந்து அவருடைய நாற்காலியில் மகன் சின்னவர் உட்கார்ந்த நாளிலிருந்து, ஆலோசகர் சொல்லும் யோசனை மட்டும் மூன்று நாள் கழித்தே காதில் விழுந்தது. மற்றப் பேச்சில் குறையில்லை. தண்ணீர் கேட்டால் தண்ணீர் வந்தது. 'அந்தச் சரக்கைத் தொடாதே' என்றால் மட்டும் உதடு அசையும், சத்தம் வராது. மூன்றாம் நாள் அதே நிமிடத்தில், சொன்ன அதே இடத்தில், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குரல் கணீரென்று கேட்கும். அதற்குள் சரக்கு பிடிபட்டு இரண்டு பேர் சிறைக்குப் போயிருப்பார்கள்.

கடத்தலிலும் மிரட்டலிலும் தழைத்த குடும்பம் அது. முப்பது வருடம் பெரியவரின் காதோடு பேசியே அதைக் கட்டிக் காத்தவர் ஆலோசகர். எழுதிக் காட்டவும் வழியில்லை. தாளில் எதுவும் இருக்கக் கூடாது, வந்தால் படிக்காமல் கொளுத்து என்று சின்னவருக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். நீட்டிய ஒன்பது சீட்டுகளையும் சின்னவர் மரியாதையாக வாங்கிக் கொளுத்தினார். தலையை ஆட்டிப் பார்த்ததற்கு, "தலையாட்டறதெல்லாம் ஒரு யோசனையா மாமா? வாயைத் திறந்து சொல்லுங்க" என்றார். மூன்று நாள் பொறு என்று சொல்லலாமென்றால், பாழாய்ப்போன அதுவும் யோசனைதானே. எரிச்சலில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, எதிராளிகளோடு சமரசம் பேச ஐஸ் கிடங்குக்கு ஆலோசகரின் மாப்பிள்ளையை அனுப்புவதென்று சின்னவர் முடிவெடுத்தார். ஒரே மகளின் கணவன். ஆலோசகர் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். தட்டியது மட்டும் கேட்டது. வாசலில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தார். அவன் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு விரலாக விலக்கி, சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று காரில் ஏறினான். சாயங்காலம் உடல்தான் வந்தது.

மகள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதே சொன்னேன் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். பதவிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தார் என்றே அவள் நினைத்தாள். சொன்னாரா இல்லையா என்று காதால் கேட்டுவிட, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சின்னவரின் அறைக்குப் போய், யாரையும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பின்னாலேயே ஆலோசகரும் போய் நின்றார். பதினொன்று பத்துக்கு மேசை ஓரத்திலிருந்து குரல் வந்தது: "அவனை அனுப்பாதே. கதவுக்குப் பின்னாடி ஆள் வச்சிருக்காங்க. அனுப்பித்தான் ஆகணும்னா என்னை அனுப்பு."

சின்னவர் பெருமூச்சு விட்டார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா மாமா?"

ஆலோசகருக்கு மேசையிலிருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து அவர் மண்டையில் போட வேண்டும் போலிருந்தது. மகள் அப்பாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக் கூடத்தில், "நான் இனி என்னப்பா பண்ணட்டும்?" என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் உதட்டசைவைப் பார்த்துவிட்டு, சரி, காத்திருக்கிறேன் என்று அங்கேயே பாயை விரித்தாள். பெரியவர் போன பிறகான இந்த ஐந்து வருடத்தில் அவருடைய யோசனைக்காகக் காத்திருந்த முதல் ஆள் அவள்தான். திங்கட்கிழமை ஆறு மணிக்கு, இந்தக் குடும்பத்தின் கை எட்டாத ஊருக்குப் போய்விடு, என்னைப் பார்க்கக்கூட வராதே என்று கூடம் சொன்னது. அவள் அழுதாள். அழுதுகொண்டே பெட்டி கட்டினாள்.

ஆறரைக்கு வாசலில் நின்று அவர் ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். வியாழக்கிழமை ஆறரைக்கு ஆளில்லாத வாசலில், "பத்திரமாப் போம்மா, வழியில யாரையும் நம்பாதே" என்று குரல் கேட்டது. அது முடியும்வரை அவர் கூடவே நின்றிருந்து, பிறகு உள்ளே போய் உலை வைத்தார்.